கனவில் காபி கொடுத்தவன்

நாச்சிமுத்துவுக்குப் பொறாமை வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். அன்று மத்தியானம் அது சிவந்திருந்த சிவப்பில் இரண்டு அப்பளம் சுட்டு எடுத்திருக்கலாம். காரணம் வேறொன்றுமில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி சாந்தாமணி தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சும்மா சிரித்திருந்தால் மன்னித்திருப்பார். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குக் கூட்டிப்போனபோதுகூட அவரிடம் சிரிக்காத சிரிப்பு அது. அவள் நெற்றியில் ரிப்பன்போல் கட்டியிருந்த தெளிபட்டையில் சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. அப்படி மின்னினால், ஆள் கனவுக்குள் இருக்கிறார், கனவென்று தெரிந்தே இருக்கிறார் என்று அர்த்தம்.

நாச்சிமுத்துவின் நெற்றியிலும் அதே பட்டைதான். அதே கம்பெனி, அதே விலை. இன்னும் சொல்லப்போனால் ஆசைப்பட்டு முதலில் வாங்கியவரே அவர்தான். ஆனால் அவருக்கு வந்ததோ கனவல்ல, அமுக்குவான். மூளை விழித்துக்கொள்ளும், உடம்பு விழிக்காது. கண் திறந்திருக்கும், மின்விசிறி சுற்றுவது தெரியும், மனைவி சிரிப்பது கேட்கும். சுண்டுவிரலை அசைக்க முடியாது. நெஞ்சின் மேல் கறுப்பாக ஒன்று ஏறி, மில் பஞ்சுப் பொதிபோல் உட்கார்ந்துகொள்ளும்.

தெளிபட்டை கோயமுத்தூருக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தூங்குகிறவரின் இமைக்குள் விழி ஓட ஆரம்பித்ததும் பட்டை அதைக் கண்டுபிடித்து நெற்றியில் சின்னதாக ஒரு துடிப்பை அனுப்பும். "அப்பனே, இது கனவு" என்று மூளையின் காதில் கிசுகிசுக்கிற மாதிரி. அவ்வளவுதான் விஞ்ஞானம். அதற்குப் பிறகு கனவு உங்கள் சொந்தக் காடு. பறக்கலாம். செத்துப்போன மாமனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாலு கேள்வி கேட்கலாம்.

ஒரே சிக்கல், நிற்பது கனவிலா நிஜத்திலா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கனவில் கைவிரலை எண்ணினால் கணக்கு உதைக்கும். ஆறு வரும், ஏழு வரும், ஒரு விரல் வெண்டைக்காயாக இருக்கும். ஆகவே ஊரே எண்ண ஆரம்பித்தது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் எண்ணினார்கள், ரேஷன் கடை வரிசையில் எண்ணினார்கள். தாலி கட்டப்போன மாப்பிள்ளை ஒருவன் கெட்டிமேளத்தை நிறுத்தச் சொல்லி எண்ணிப்பார்த்ததில், பெண் வீட்டார் கோபித்துக்கொண்டு போட்ட இலையைச் சுருட்டிவிட்டார்கள். எண்ணாமல் விட்டவர்களும் உண்டு. பீளமேட்டில் ஒரு ஆசாமி கனவென்று நினைத்து மாடியிலிருந்து பறந்து, இளநீர் வண்டி மேல் இறங்கி, இடுப்பொடிந்து கிடந்தார். அதற்கப்புறம் எல்லா அடுக்குமாடிகளிலும் மொட்டைமாடிக் கதவில் "இது கனவல்ல" என்று பலகை மாட்ட உத்தரவாயிற்று.

நாச்சிமுத்து பம்புசெட் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். எந்த மெஷினும் அவரிடம் வாலாட்டியதில்லை. பட்டையோடு வந்த விளக்கப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை அடிக்கோடு போட்டுப் படித்தார். இடதுபக்கம் படு என்றால் இடதுபக்கம் படுத்தார். வயிறு நிறையச் சாப்பிடாதே என்றால் ரசத்தோடு நிறுத்தினார். சாந்தாமணி கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங்க, இதுல எது முன்பக்கம்?"

கேட்டுக் கட்டிக்கொண்டு படுத்தவள் முதல் நாளே மருதமலைக்கு மேல் பறந்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்து, கண்ணெல்லாம் வெளிச்சமாக, "இன்னிக்கு நான் எங்க போனேன் தெரியுமாங்க?" என்று ஆரம்பித்தாள்.

"பட்டையை எந்த அளவுல வெச்ச?" என்று வெட்டினார் நாச்சிமுத்து. "ரெண்டுலயா, மூணுலயா?"

அவள் வாய் மூடிக்கொண்டது. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கனவு வகுப்பு நடந்தது. நடத்தியவள் ஆதிரை என்ற பெண், பட்டைக் கம்பெனியின் பயிற்சியாளர். அவள் ஒவ்வொருவரையும் ஒரு அடையாளம் தேர்ந்தெடுக்கச் சொன்னாள்.

"உங்க வாழ்க்கையில எந்தக் காலத்துலயும் நடக்கவே நடக்காத ஒண்ணா இருக்கணும். அது நடந்தா கனவுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு தடவை விரலை எண்ணிட்டு நீங்க பாட்டுக்குக் கிளம்பலாம். ஆனா அடையாளத்தை யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா வீட்டுக்காரர்கிட்ட, வீட்டுக்காரம்மாகிட்ட."

"ஏன் கண்ணு, சொன்னா என்ன?" என்றார் நாச்சிமுத்து.

"நடத்திக் காட்டிருவாங்க அங்கிள்."

எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்து தன் பழைய மேனேஜர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதை அடையாளமாக வைத்துக்கொண்டார். நடக்கவே நடக்காத விஷயம்தான். ஆனால் அந்த மனுஷன் கனவிலும் வந்து சேரவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு மத்தியானம், அமுக்குவானுக்கு அடியில் கட்டைபோல் கிடந்தவரின் காதில், பக்கத்துக் கட்டிலிலிருந்து இரண்டு சொற்கள் விழுந்தன.

"காபி பிரமாதமுங்க."

சாந்தாமணியின் குரல். சரசரவென்று பட்டுப்புடவை கட்டிய குரல்.

பட்டை போட்டவர்கள் சிலருக்குக் கனவுப் பேச்சு நாலு சொட்டு வெளியே சிந்தும் என்று ஆதிரை சொல்லியிருந்தாள். சிந்தியது சரி. காபி யாருடையது?

மேல் வீட்டுச் சீதாராமனைத் தவிர வேறு யாருடையதாக இருக்க முடியும்! பேங்கில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், இந்த வயதிலும் தலை கொள்ளாத முடி. கொட்டையைத் தானே வறுத்து, தானே அரைத்து, அவர் டிகாக்‌ஷன் இறக்கினால் லிஃப்டில் ஏறினவர்கள் இறங்க வேண்டிய மாடியை மறந்துவிடுவார்கள். பால்காரனே அவரிடம் காபி குடிப்பதற்காகப் பாலைக் குறைத்த விலைக்குக் கொடுப்பதாகப் பேச்சு. கனவு வகுப்பில் சாந்தாமணிக்கு அடுத்த நாற்காலி வேறு.

அன்றிலிருந்து அமுக்குவானுக்கு முகம் முளைத்தது. முதல் நாள் கறுப்பு உருவத்துக்கு நிறைய முடி வந்தது. மறுநாள் வெள்ளை பனியன் வந்தது. அதற்கும் மறுநாள், நாச்சிமுத்துவின் நெஞ்சின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, சீதாராமன் சாவதானமாக டவராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஆதிரையிடம் போய் நின்றார் நாச்சிமுத்து. "கண்ணு, இந்த அமுக்குவானைத் தொரத்த வழி சொல்லு."

"அவனுக்கு உருவமே கிடையாது அங்கிள். தூங்கறப்ப உடம்பைக் கட்டிப்போட்டிருக்கும், கனவுல ஓடறதுக்கெல்லாம் நிஜத்துல எழுந்து ஓடிரக் கூடாதில்ல? கட்டு அவிழறதுக்கு முன்னாடி நீங்க முழிச்சிர்றீங்க. மிச்சமெல்லாம் உங்க மனசு போடற வேஷம். கால் கட்டைவிரலை அசைக்கப் பாருங்க, விட்டுரும். ஆமா, யாரு மாதிரி வர்றான்?"

"அது... சும்மா, பொதுவா ஒரு ஆளு," என்றார். காது சிவந்தது.

படிக்கட்டில் சீதாராமனையே மடக்கினார். "ஏனுங்க சார், கனவுல நீங்க எங்கெங்க போறீங்க? யாரைப் பாக்கறீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க சார்! எனக்குக் கனவுன்னு தெரியறது, விரல் ஒன்பது இருக்கு. ஆனாலும் கவுண்டரை விட்டு எழுந்துக்க விடமாட்டேங்கறா. வரிசை ரோடு வரைக்கும் நிக்கறது. முந்தாநாள் ஒரு யானை வந்து பாஸ்புக் நீட்றது."

நாச்சிமுத்து நம்பவில்லை. யானையாம், பாஸ்புக்காம். என்ன நடிப்பு!

கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது வெடித்தது.

"யாரு போட்ட காபி?"

"எந்தக் காபி?" என்றாள் சாந்தாமணி, கரண்டியோடு.

"தூக்கத்துல பிரமாதம்னு சொன்னியே, அந்தக் காபி. மேல் வீட்டு ஆளு போட்டதா?"

சாந்தாமணி சிரித்தாள் பாருங்கள், கரண்டியிலிருந்த பொரியல் அவர் இலையிலும் விழாமல் அவள் இலையிலும் விழாமல் நாற்காலியில் விழுந்தது.

"அட கூறுகெட்ட மனுசா! போட்டது நீங்கதானுங்க."

"நானா?"

"கனவுல நீங்க. அதுதான் நான் வெச்ச அடையாளம். கண்ணாலம் ஆனதுல இருந்து ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்கு ஒரு காபி போட்டுக் குடுத்திருக்கீங்களா? காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட உங்க தங்கச்சிதான் வந்து போட்டா. நடக்கவே நடக்காததுன்னு அந்தப் புள்ள சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் தோணலைங்க. தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கும். பட்டையைக் கழட்டி வெப்பேன். அப்ப நீங்க டம்ளரோட வருவீங்க. ஓ, இன்னும் கனவுக்குள்ளதான் இருக்கறம்னு தெரிஞ்சுக்குவேன். காபியக் குடிச்சுட்டு, பால்கனி வழியா கெளம்பிருவேன்."

சொல்லி முடித்துச் சோறு போட்டாள். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல் சொன்னாள்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு கவளம் நேரம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கவளத்தில் காது மறுபடி சூடேறியது.

"அவன் எப்பிடி இருப்பான்?"

"யாரு?"

"அதான், காபி கொண்டு வர்றவன்."

"உங்களாட்டவேதான். தொப்பையும் கண்ணாடியும் மட்டும் இல்லீங்க."

"சர்க்கரை சரியாப் போடுவானா?"

"கேக்காமயே சரியாப் போடுவாருங்க."

போடுவாராம்! அவனுக்கு மரியாதை வேறு! சீதாராமனாக இருந்திருந்தால் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியிருப்பார். தன் முகத்தையே வைத்துக்கொண்டு, தொப்பையையும் கரைத்துக்கொண்டு, தன் மனைவிக்கே காபி நீட்டுகிறவனை எங்கே போய்ப் பிடிப்பது? அவனைத் தோற்கடிக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தப் புத்திசாலித்தனமான யோசனையில், பால்கனி வழியாகக் கிளம்புவதாக அவள் சொன்னதை அவர் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவள் தூங்கும்போது அடுப்படிக்குள் புகுந்தார். காபித்தூள் டப்பாவைக் கண்டுபிடிப்பதற்குள் கடுகு, சீரகம், இன்னதென்று தெரியாத ஒரு பொடி எல்லாவற்றையும் முகர்ந்து தும்மித் தீர்த்தார். பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது. மூக்குக்கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டதால் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டார். ஒருவழியாக டம்ளரோடு அறைக்குள் வந்தபோது சாந்தாமணி எழுந்து உட்கார்ந்து பட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"காபி," என்றார், மார்பை நிமிர்த்தி.

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு மலர்ந்தது. வாங்கி ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே பால்கனிக்கு நடந்தாள். ஐந்தாவது மாடி. துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் ஏறி, கம்பிமேல் ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு விளங்கியது.

ஓட நினைத்தார். கால் வரவில்லை. பட்டை இல்லாமலே, பட்டப்பகலில், நின்ற நிலையிலேயே அமுக்குவான் வந்து பிடித்துக்கொண்டது. நாக்கு மட்டும் எப்படியோ புரண்டது.

"சாந்தா! எறங்கு! இது கனவில்ல!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெனமும் இதையேதான் சொல்றீங்க," என்று கொஞ்சினாள். "பொழுதுக்குள்ள வந்துருவனுங்க."

"நெசமாத்தான் சொல்றேன் புள்ள! வெரலை எண்ணிப் பாரு!"

"நீங்க காபி கொண்டு வந்தப்பறம் வெரலை வேற எண்ணோணுமாக்கும்!"

மற்றக் காலும் முக்காலியை விட்டுக் கிளம்பியது. கீழே காவலாளியின் குடை ஒரு பொட்டளவு தெரிந்தது. நாச்சிமுத்துவின் மூளை முழுக்க வெளுத்துப்போயிற்று. என்ன சொல்வதென்று தெரியாத அந்த நொடியில், வீட்டில் எது நடந்தாலும் எது கவிழ்ந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது எதுவோ, அதுவே தன்னால் வந்தது.

"ஏம்புள்ள, என்ற கண்ணாடிய எங்க கொண்டுபோய் வெச்ச?"

சாந்தாமணி சடாரென்று திரும்பினாள். முகத்திலிருந்த மலர்ச்சி அணைந்து, பல வருஷத்துக் கடுப்பு வந்து உட்கார்ந்தது.

"நெத்திமேல இருக்குது பாருங்க! நான் எதுக்குங்க உங்க கண்ணாடியத்..."

பாதியில் நின்றாள். கனவில் வருகிறவன் இப்படிக் கேட்கமாட்டான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. மெதுவாக இடது கையை விரித்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். சரியாக ஐந்து. வெண்டைக்காய் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் கீழே பார்த்தாள். கம்பியைக் கட்டிக்கொண்டு அப்படியே தொட்டிமேல் சரிந்தாள். நாச்சிமுத்துவுக்குக் கால் வந்துவிட்டது. ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டு இருவரும் துளசி மண்ணில் உட்கார்ந்து நடுங்கிய நடுக்கத்தில் கீழ் வீட்டில் பாத்திரம் உருண்டிருக்கும்.

நடுக்கம் நின்றதும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "காபி கழனித்தண்ணியாட்டம் இருந்துதுங்க. அப்பவே சந்தேகப்பட்டிருக்கோணும்."

அடுத்த நாளும் நாச்சிமுத்து காபி போட்டார். அதற்கடுத்த நாளும். சீதாராமனிடமே போய், மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு, டிகாக்‌ஷன் இறக்கக் கற்றுக்கொண்டார். "தட்டி அமுக்கக் கூடாது சார், தூள் மூச்சு விடணும்," என்று அவர் ஒரு சாஸ்திரமே நடத்தினார். குடியிருப்பில் எல்லோரும் நாச்சிமுத்துவைப் புகழ்ந்தார்கள். பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களுக்கு அவரைக் காட்டித் திட்டினார்கள்.

உள்விஷயம் அவருக்கு மட்டும் தெரியும். தினம் காபி வந்தால் அது நடக்காத விஷயமல்ல, அடையாளம் செத்துப்போகும், அவளால் கனவுக்குள் தெளிய முடியாது, அந்தத் தொப்பையில்லாதவன் டம்ளரோடு நிற்க இடமிருக்காது. அப்படியே ஆயிற்று. சாந்தாமணியின் பட்டை மின்னவில்லை. எழுந்தால் முகம் வாடியிருந்தது. "மத்தவங்களாட்டம் கண்டதையும் கண்டுட்டு எந்திரிக்கறேன்," என்றாள். நாச்சிமுத்துவுக்கு வருத்தம்தான். சந்தோஷம் அதைவிட ஒரு கரண்டி கூடுதல்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பக்கத்துக் கட்டிலில் சிவப்பு மறுபடி மின்னியது. அதே சிரிப்பு.

"புது அடையாளம் வெச்சுட்டியா?" என்றார், அவள் கண்ணைத் திறப்பதற்குள்.

"வெச்சுட்டனுங்க."

"என்னது?"

"இந்தத் தடவ சொல்றாப்பல இல்ல. எண்ணாமக் கெளம்பவும் மாட்டேன், பயப்படாதீங்க."

நாச்சிமுத்து வேட்டையில் இறங்கினார். பால்கனிக்கு வலைக்கம்பி போட்டார். பிறகு, தான் இதுவரை செய்யாதது எதுவென்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அது சித்திரைத் தேர்க் கூட்டம்போல் பெருகிக்கொண்டே போனது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு அவள் கையையே கவனித்தார். அடையாளம் அடிபட்டால் அவள் விரலை எண்ணித்தானே ஆகவேண்டும்? பாத்திரம் தேய்த்தார். அவள் எண்ணவில்லை. சேலை மடித்தார். எண்ணவில்லை. கிரிக்கெட் கடைசி ஓவரில் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். சந்தேகமாகப் பார்த்தாளே தவிர எண்ணவில்லை. பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத, சாந்தாமணியின் தம்பியான மச்சானைப் போனில் கூப்பிட்டு, "தப்பு என்ற மேலதான் மாப்ள," என்றார். மறுமுனையில் மச்சான்தான் எண்ணியிருக்கவேண்டும், அவ்வளவு நேரம் பதிலில்லை. சாந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எண்ணவில்லை.

வேட்டையில் அவர் இளைத்தார். தொப்பைகூடக் கொஞ்சம் கரைந்தது.

ஒரு மத்தியானம் அலுத்துப்போய்ப் படுத்தவருக்கு அமுக்குவான் வந்தது. நெஞ்சின் மேல் ஆள் இருந்தான். நிறைய முடி இல்லை, வெள்ளை பனியன் இல்லை. நாச்சிமுத்துவேதான். தொப்பையில்லாத நாச்சிமுத்து, கையில் ஆவி பறக்கும் டம்ளர். திட்டலாமென்று பார்த்தால் வாய் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவனோ அவரைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, பக்கத்துக் கட்டிலைப் பார்த்தபடி, அவள் ஏதோ சொல்லக் கேட்பதற்காகக் காத்திருக்கிறவன்போல் உட்கார்ந்திருந்தான். அப்படி என்ன சொல்வாள் என்று நாச்சிமுத்துவுக்கு முதல்முறையாக ஒரு ஆவல் எழுந்தது.

அதற்குள் யாரோ அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து அசைத்தார்கள். கட்டு அவிழ்ந்தது. சாந்தாமணி காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு தெறந்திருந்துது, ஆளு அசையல. அமுக்குவானா?"

"ம்."

"தண்ணி கொண்டாரட்டுமா?"

"வேண்டாம். சாந்தா..." அவர் எழுந்து உட்காரவில்லை. காதும் சிவக்கவில்லை. "நீ அங்க போறியே. அங்க என்ன பாக்கற? சொல்லு, எனக்குக் கேக்கோணும்போல இருக்குது."

சாந்தாமணி இடது கையை மடியில் விரித்தாள். கட்டைவிரல் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. நம்பாமல் அடுத்த கையையும் விரித்து எண்ணினாள்.

"போச்சு," என்றாள். "இதுவும் போச்சு."

சொல்லிவிட்டுக் கால்களைக் கட்டில்மேல் தூக்கி வைத்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"கேளுங்க. மருதமலைக்கு மேல போய்த் திரும்பிப் பாத்தா நம்ம பால்கனி தெரியும். அங்க நீங்க நின்னுட்டு இருப்பீங்க."

"நானா, அவனா?"

"குறுக்க பேசாதீங்க."

நாச்சிமுத்து வாயை மூடிக்கொண்டார். போர்வைக்கு அடியில் தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.